எரிச்சல் பிரிவு

ஜெசிந்தாவுக்குக் கோபம் வராது, எரிச்சல்தான் வரும். இரண்டும் வேறு வேறு என்பதை அவளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய அமலதாஸ்கூடக் கவனித்ததில்லை. மெய்வரி நிறுவனம் கவனித்தது. அதற்காக மாதச் சம்பளமும் கொடுத்தது.

அந்தக் காலத்தில் இணையத்தில் படிப்பதற்கு ஏராளமாக இருந்தது. நம்புவதற்குத்தான் எதுவும் இல்லை. குற்றாலத்தில் குளித்த சுகத்தை, குளிப்பதற்கு உடம்பே இல்லாத இயந்திரம் வர்ணித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பெறாத இயந்திரம் பிரசவ வலிக்கு யோசனை சொன்னது. ஜனங்கள் சலித்துப்போய்ப் படிப்பதையே விட்டார்கள். படிக்க ஆளில்லை என்றதும் விளம்பரக்காரர்கள் பணத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் மெய்வரியின் வில்லை வந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்ன வட்டம். ஒருவர் எழுதும்போது, எழுத்தில் சொல்லும் உணர்வு அவருக்குள் நிஜமாகவே இருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால் பதிவின் தலையில் பச்சைப் புள்ளி விழும். பச்சைப் புள்ளி விழுந்த பதிவுக்குத்தான் விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால்தான் எழுதியவருக்குக் காசு.

ஜெசிந்தா மெய்வரிக்கு எழுதும் வேலைக்குப் போனது வேறு வழியில்லாமல்தான். அமலதாஸ் பள்ளி நோட்ஸ் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. பொன்மலைப்பட்டியில் ஒரு மாடிப் போர்ஷன், பள்ளிக்கூடம் போகும் மகள் மிர்னா, ஒழுகும் குழாய்கள். மெய்வரியின் திருச்சி அலுவலகத்துக்குத் தேர்வுக்குப் போனபோது அவள் ராமேஸ்வரம் ரயில் பயணத்தைப் பற்றி எழுதினாள். பாம்பன் பாலம், ஜன்னல் காற்று, மனசு லேசாகிப் போனது எல்லாம் எழுதினாள். வில்லை அசையவில்லை.

முடிவு சொல்லக் கூப்பிட்டவள் சம்யுக்தா என்ற இளம்பெண். ஜெசிந்தாவின் பதிவுகளை அப்புறம் பல வருடம் மேற்பார்வை பார்த்தவள் அவள்தான்.

“மேடம், ரயில்ல சந்தோஷமா இருந்ததா எழுதியிருக்கீங்க. வில்லை ஒத்துக்கலை. ஆனா வில்லையைக் கழட்டாம காத்திருக்கும்போது, ஏசி தண்ணி தோள்ல சொட்டுது, மூணு பேர்கிட்ட சொல்லியும் ஒருத்தரும் கண்டுக்கலைன்னு உங்க தங்கச்சிக்கு மெசேஜ் அடிச்சீங்க பாருங்க. அது சுத்தமான எரிச்சல். கோபம் கலக்கலை, வருத்தம் கலக்கலை. இப்படி ஒண்ணு எங்களுக்குக் கிடைக்கிறதே இல்லை.”

எரிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று ஜெசிந்தா கேட்டாள்.

“சந்தோஷமா எழுதினா படிச்சிட்டு ஒரு லைக் போட்டுட்டுப் போயிடுவாங்க, மேடம். ஒழுகுற குழாயைப் பார்த்து நீங்க எரிச்சல்பட்டீங்கன்னா, அவங்க புதுக் குழாய் வாங்குவாங்க.”

அப்படித்தான் அவள் எரிச்சல் பிரிவில் சேர்ந்தாள். நிபந்தனை ஒன்றுதான்: வாரம் தவறாமல் பச்சைப் புள்ளி விழ வேண்டும். விழாவிட்டால் மாதச் சம்பளம் நின்று, பதிவுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு இறங்க வேண்டியிருக்கும்.

முதல் வருடம் எழுதுவதற்குப் பஞ்சமே இல்லை. மிக்ஸி மூடி ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிச் சொல்லியே அவளுடைய போன் பேட்டரியைத் தீர்த்தது. ஜெசிந்தா எழுத எழுதப் புள்ளிகள் விழுந்தன. மிக்ஸிக் கம்பெனிகள் அவள் பதிவின் ஓரத்தில் இடம் பிடிக்கப் போட்டி போட்டன. வீட்டு வாடகை தேதிக்குப் போனது. மிர்னாவுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது. இரண்டாம் வருடம் அவர்கள் கே.கே. நகரில் ஒரு புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார்கள்.

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. புது வீட்டில் எதுவும் ஒழுகவில்லை. லிஃப்ட் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் செருப்பைக்கூட வரிசையாக விட்டார்கள். ஜெசிந்தா மேஜை முன்னால் உட்கார்ந்து எரிச்சலைத் தேடினாள். எரிச்சல் வரவில்லையே என்று வந்த எரிச்சலை எழுதிப் பார்த்தாள். அதற்கு ஒரு தடவை புள்ளி விழுந்தது; மறு தடவை விழவில்லை.

சம்யுக்தா கூப்பிட்டு, வீட்டில் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டீர்களா என்று கவலையோடு விசாரித்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்றாள். மதுரையில் ஒருவர் பத்து வருடமாகத் தன் வீட்டுக் கதவின் கீலுக்கு எண்ணெய் போடாமல் வைத்திருக்கிறாராம். பயப் பிரிவில் இருக்கும் ஒரு பெண்மணி வேண்டுமென்றே சுடுகாட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறாராம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அமலதாஸ் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டான்.

மறுநாள் காலை ஜெசிந்தாவின் தலையணையில் ஈரத் துண்டு கிடந்தது.

அமலதாஸ் ஒழுங்கானவன். கழற்றிய சட்டையைக்கூட மடித்துத்தான் அழுக்குக் கூடையில் போடுவான். முதலில் அவளுக்குப் புரியவில்லை. எரிச்சலோடு எழுதினாள், புள்ளி விழுந்தது. பிறகு அவன் காலி பிஸ்கட் டப்பாவை மூடித் திரும்ப அலமாரியில் வைத்தான். அவள் முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது போனில் சத்தமாகக் கிரிக்கெட் வைத்தான். அப்போது புரிந்தது. கேட்கலாமென்று ஒருநாள் வாயெடுத்தாள். கேட்டுவிட்டால் எரிச்சல் வராது என்று தோன்றவே பேசாமல் விட்டாள். அவனும் சொல்லவில்லை. குழம்புக்கு உப்புப் போடுவதுபோல அளவு பார்த்து அவன் எரிச்சலூட்டினான், அவள் எழுதினாள். புள்ளிகள் கொஞ்சம் வெளிறித்தான் விழுந்தன. ஆனால் விழுந்தன.

பதிவுகளில் அவனுக்குப் பெயர் கிடையாது, ‘வீட்டுக்காரர்’தான். ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சந்தையில் மீன் விற்கிற அம்மா, துண்டைக் காயப்போட்டாச்சா தம்பி என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆண்கள் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அமலதாஸும் சிரித்துவைத்தான். மிர்னாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கணக்கில் மார்க் குறைந்ததோ தோழியோடு சண்டையோ, எதைச் சொல்ல வந்தாலும் முதலில் அம்மாவின் காதைப் பார்ப்பாள். “வில்லை ஒட்டியிருக்கியா?” என்று கேட்பாள். ஒட்டியிருந்தால் ஒன்றுமில்லை என்று போய்விடுவாள். அதுவும் ஜெசிந்தாவுக்கு எரிச்சலாக இருந்தது. அதையும் எழுதினாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பிறகு புள்ளிகள் திடீரென்று நல்ல பச்சையாக விழ ஆரம்பித்தன. அமலதாஸ் கைதேர்ந்துவிட்டான் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கறி வாங்கப் போனான். மிர்னா எங்கே என்று கேட்டான், டியூஷன் என்றாள், காபியைக் குடித்து முடித்துவிட்டு மிர்னா எங்கே என்று மறுபடி கேட்டான். முகத்தில் நடிப்பின் சாயல்கூட இல்லை. சீட்டு கட்டிவிட்டேன் என்றான், கட்டியிருக்கவில்லை. ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. இப்போது மறதிக்கு மாத்திரை விற்கிறவர்கள், பூட்டு விற்கிறவர்கள், சாவியைத் தேடித் தரும் கருவி விற்கிறவர்கள் எல்லாம் அவள் பதிவுக்கு வந்தார்கள். சம்பளம் உயர்ந்தது. இந்த வருடம் எரிச்சல் பிரிவில் நீங்கள்தான் முதல் என்று சம்யுக்தா கேக் அனுப்பினாள்.

மழைக்கால மாலை ஒன்றில் மிர்னா தொப்பலாக நனைந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவளைக் கூட்டிவரப் போன அமலதாஸ் வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்தான். மிர்னா சின்ன வகுப்புகள் படித்த பொன்மலைப்பட்டிப் பள்ளிக்கூடத்தின் வாசலில், குடையோடு, காவலாளி கேட்டைப் பூட்டும் வரை நின்றிருக்கிறான். ஜெசிந்தா அன்றே எழுதினாள். அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். யாரோ அதை வீடியோவில் நடித்தும் காட்டினார்கள்; அதைப் பார்த்து ஊரே சிரித்தது.

இரண்டு நாள் கழித்து, அடுப்படியில் அவன் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, ஜெசிந்தா அதுவரை இருவரும் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“பிள்ளையை மட்டும் இதுல இழுக்காதீங்க. அவ நனைஞ்சு காய்ச்சல் வந்திருந்தா என்ன பண்றது. மத்தபடி நல்லாத்தான் வந்துச்சு.”

“எது?”

“பழைய ஸ்கூல் வாசல்ல போய் நின்னீங்களே, அது.”

அமலதாஸ் புளியைப் பிழிவதை நிறுத்தினான். கையைக் கழுவி, துடைத்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“ஜெசி, நான் வேணும்னு செய்யலை. அதெல்லாம் கிறிஸ்துமஸோட விட்டுட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொன்னேன். பொண்டாட்டியைத் தினமும் எரிச்சல்படுத்துறேன், அதுல சோறு சாப்பிடுறோம்னு. அவர் நிறுத்துன்னார், நிறுத்திட்டேன்.”

“அப்போ பூட்டிட்டுப் போனது? சீட்டு கட்டாதது?”

“அதெல்லாம் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “நான் நிறுத்திட்டதால நீயா கற்பனை பண்ணி எழுதுறேன்னு நினைச்சேன். வில்லையை எப்படியோ ஏமாத்தக் கத்துக்கிட்டேன்னு. வீட்டுக்காகத்தானே செய்யுறா, எழுதிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. ஜெசிந்தா எழுந்து அணைக்கவில்லை. வில்லையை ஏமாற்ற முடியாது என்பது அவளுக்குத் தெரியும். சற்று நேரத்தில் அவனுக்கும் அது உறைத்ததை அவன் முகத்தில் பார்த்தாள்.

மருத்துவமனையில் நரம்பியல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மூளையைப் படம் எடுத்தார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள், கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவன் கடிகாரத்தில் எண்களை ஒரே பக்கமாக எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தான். மறதி நோய், இந்த வயதில் அரிதாக வருவது, ஆனால் வருவது என்றார் டாக்டர். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது. முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தள்ளிப்போட்டிருக்கலாம். எப்போது ஆரம்பித்தது, வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

கவனிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது. ஜெசிந்தா கவனித்தாள், எழுதினாள், லட்சம் பேர் படித்தார்கள். டாக்டர் அவள் பெயரை மறுபடி பார்த்துவிட்டுத் தயங்கி, நானும் படித்திருக்கிறேன் என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா சம்யுக்தாவைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் நிஜமாகவே கலங்கிப்போனாள். ஜெசிந்தா ஒன்று மட்டும் கேட்டாள். புள்ளி வெளிறியதும் மறுபடி பச்சையானதும் உங்களுக்குத் தெரியுமே, அதற்குக் காரணம் என்னவென்று நினைத்தீர்கள்?

“நடிப்பு நின்னு நிஜம் ஆரம்பிச்சிருக்குன்னு தெரிஞ்சுது, மேடம். வில்லைக்கு அது தெரியும். அதனாலதான் சம்பளத்தை ஏத்தினோம்.”

“என்ன நிஜம்னு நீங்க யாரும் யோசிக்கலையா?”

“உங்க உணர்வு உண்மையான்னு பார்க்கிறதுதான் எங்க வேலை. எதனால வருதுன்னு பார்க்கிறது இல்லை.” பிறகு, “நீங்களும் யோசிக்கலையே, மேடம்” என்றாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே ஜெசிந்தா போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து சம்யுக்தாவே கூப்பிட்டாள். துயரப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம், அதில் சம்பளம் அதிகம் என்றாள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மனைவி என்று தனித் தொடரே கொடுக்கலாம். காப்பீட்டு நிறுவனங்களும் பராமரிப்பு இல்லங்களும் ஏற்கெனவே கேட்கின்றன என்றாள். ஜெசிந்தாவுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் மருந்துச் சீட்டு மேஜையில் கிடந்தது. மிர்னாவுக்குப் பொதுத் தேர்வு வருகிறது. அமலதாஸிடம் கேட்டாள். எழுது, என்னைப் பற்றி எழுத இனி நான் ஒன்றும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லையே என்று அவன் சிரித்தான்.

எழுத உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அவன் பால்காரன் வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆச்சு என்றாள். மறுபடி கேட்டான். பால் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டே கேட்டான். அவள் முதல் வரியில், என் கணவரின் நினைவுகள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்த்து நெஞ்சு கனக்கிறது என்று எழுதினாள். புள்ளி விழவில்லை. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். விழவில்லை. கடைசியில், காலையிலிருந்து பால் பால் என்று உயிரை வாங்குகிறார், பாத்திரத்தைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கிறது, இந்த மனிதருக்கு இப்படி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று எழுதினாள். இதுவரை அவள் பார்த்திராத அடர்த்தியில் பச்சைப் புள்ளி விழுந்தது.

பதிவு வெளியாகவில்லை. சம்யுக்தா வருத்தத்தோடு விளக்கினாள்.

“ஆரோக்கியமா இருக்கிறவர் மேல எரிச்சல்பட்டா ஜனங்க சிரிப்பாங்க, மேடம். நோயாளி மேல எரிச்சல்பட்டா ஏத்துக்க மாட்டாங்க. எந்தக் கம்பெனியும் இதுக்குப் பக்கத்துல பேர் போடாது. கொஞ்சம் வருத்தத்தோட எழுதிப் பாருங்களேன்.”

வருத்தம் எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்றாள் ஜெசிந்தா. சிலசமயம் அவன் தூங்கும்போது வருகிறது. குளித்துவிட்டு வந்து, எந்தச் சட்டை போடட்டும் என்று மிர்னாவிடம் கேட்டபோது வந்தது. அதற்காகக் காதில் வில்லையை ஒட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் காத்திருக்கத் தன்னால் ஆகாது. உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் சொன்னீர்கள். இப்போது இருக்கிற உண்மை உங்களுக்கு ஆகவில்லையென்றால் நான் என்ன செய்வது என்று கேட்டாள். சம்யுக்தா வில்லையை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னாள். அது நிறுவனத்தின் சொத்தாம்.

கே.கே. நகர் வீட்டைக் காலி செய்தார்கள். சின்ன வீடு ஒன்று கிடைத்தது. அடுக்குமாடிகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் ஜெசிந்தா புகார் கேட்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே செய்யலாம். லிஃப்ட் நின்றுவிட்டதென்றும் தண்ணீர் வரவில்லையென்றும் நாள் முழுக்க ஜனங்கள் அவளிடம் எரிச்சல்பட்டார்கள். கேட்பது இயந்திரமல்ல, மனுஷிதான் என்று தெரிந்ததும் இன்னும் தாராளமாக எரிச்சல்பட்டார்கள். சம்பளம் முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் மிர்னா இப்போது நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தோழியோடு போட்ட சண்டையை முதலிலிருந்து சொன்னாள்.

எழுதுவதை ஜெசிந்தா விடவில்லை. அன்றன்றைக்கு நடந்ததை யாருக்கும் அனுப்பாமல், எந்தப் புள்ளியும் இல்லாமல் எழுதி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு அமலதாஸுக்குப் படித்துக் காட்டுவாள். அவனாகக் கேட்டதுதான் அது. ஆரம்பத்தில், அடடா, நானா இப்படிச் செய்தேன் என்று வெட்கப்படுவான். போகப் போக அந்த வெட்கம் குறைந்தது.

கோடை முடியும் சமயத்தில் ஒரு ஞாயிறு, பால் பாத்திரத்தைப் பற்றி எழுதி வெளியாகாமல் போன அந்தப் பதிவைப் படித்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து முழுக்கக் கேட்டான். பாத்திரத்தைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கிறது என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். மிர்னா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“யாரு எழுதினது இது?” என்று கேட்டான்.

ஜெசிந்தா, “ஒரு அம்மா” என்றாள்.

“நல்லா எழுதுறாங்க. ஆனா பாவம். அந்த ஆளு ரொம்பத்தான் படுத்துறார்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இதுக்கெல்லாம் அந்தம்மாவுக்கு யாராவது மாசாமாசம் சம்பளம் கொடுக்கணும்” என்றான்.

பிறகு கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனான். வெகுநேரமாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஜெசிந்தா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, குழாயை மூடப் போனாள்.